இரண்டையும் சேர்த்து எது கொண்டுபோகும்?

அன்புள்ள தம்பிக்கு,

ஆடிட்டர் அலுவலகத்தில் சிஸ்டம் அட்மினாகச் சேர்ந்த கையோடு ஆஃப்சைட் பேக்கப் போடச் சொல்லிவிட்டார்கள், எந்த ஹார்டு டிஸ்க் வாங்கலாம், எந்த கிளவுடுக்குப் பணம் கட்டலாம் என்று கேட்டு எழுதியிருந்தாய். உன்னைப் போல முதல் வேலையிலேயே சர்வர் ரூம் சாவியைக் கையில் வாங்கிய இன்னும் பலருக்கும் உதவட்டும் என்று பொதுவில் பதில் எழுதுகிறேன்.

எந்த டிஸ்க் என்பதைக் கடைசியில் முடிவுசெய்யலாம். அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை எழுதி வைத்துக்கொள்: அசலையும் நகலையும் ஒருசேரக் கொண்டுபோகக்கூடியது எது? பேக்கப்பே கிடையாது என்று கைவிரிக்கும் அலுவலகங்கள் இன்று குறைவு. ஆனாலும் தரவைத் தொலைக்கிறார்கள். நகலும் அசலோடு சேர்ந்து போய்விடுவதுதான் காரணம்.

முதலில் தண்ணீர். உங்கள் அலுவலகம் சைதாப்பேட்டையில், பெரிய பார்ட்னரின் வீடு கோட்டூர்புரத்தில், டிஸ்க்கை அவர் வீட்டில் வைப்பதாகத் திட்டம் என்றாய். வரைபடத்தில் இரண்டும் வேறு இடங்கள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை மீறியபோது இரண்டு பகுதிகளிலும் ஒரே ஆற்றின் வெள்ளம்தான் புகுந்தது. அலுவலகமும் வீடும் தரைத்தளமாக இருந்திருந்தால் அசலும் நகலும் ஒரே இரவில் நனைந்திருக்கும். சென்னைக்காரர்கள் கிலோமீட்டர் கணக்கை விட்டுவிட்டு எந்த ஆறு, எந்த ஏரி, எத்தனையாவது மாடி என்று கேட்க வேண்டும். பார்ட்னரின் மகள் திருச்சியில் இருந்தால் டிஸ்க் அங்கே போகட்டும்.

அடுத்தது தீ. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முழுக்க எரிந்தது. கிளவுடில் வைத்திருக்கிறோம், பேக்கப்புக்கும் தனியாகப் பணம் கட்டுகிறோம் என்று நிம்மதியாக இருந்த வாடிக்கையாளர்களில் சிலருக்கு அதன் பிறகுதான் தெரிந்தது, அந்த நகலும் அதே வளாகத்தில் இருந்தது என்று. கிளவுட் என்றாலும் அது ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு கட்டடம்தான். எந்த ஊர் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதே.

தண்ணீரும் தீயும் கண்ணுக்குத் தெரிகின்றன. தெரியாமல் வரும் ஆபத்து, எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு, எல்லாவற்றையும் கோக்கும் ஒரே நெட்வொர்க். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற வைரஸ் டென்மார்க்கின் கப்பல் நிறுவனமான மேர்ஸ்க்கின் நெட்வொர்க்கில் பரவியது. யார் யாருக்கு எதில் நுழைய அனுமதி என்ற பட்டியலைத் தாங்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் அவர்களிடம் உலகெங்கும் சுமார் 150 இருந்தன. ஒவ்வொன்றும் மற்றதன் பிரதி. ஒன்று போனால் இன்னொன்று தாங்கும் என்பது கணக்கு. எல்லாம் ஒன்றாகவே அழிந்தன. கானாவில் இருந்த ஒன்று மட்டும் மிஞ்சியது. வைரஸ் வந்த நேரத்தில் அங்கே கரன்ட் இல்லை, அவ்வளவுதான். அங்கிருந்த இணைய வேகத்தில் அதைப் பிரிட்டனுக்கு அனுப்ப நாள் கணக்கில் ஆகும். கானா ஊழியரிடம் பிரிட்டன் விசா இல்லை. அவர் நைஜீரியா வரை பறந்து, அங்கே இன்னொருவர் கையில் ஹார்டு டிஸ்க்கை ஒப்படைத்தார். உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்று அப்படித்தான் மீண்டது.

இதிலிருந்து உனக்கு இரண்டு பாடம். ஒன்று, சிங்க் ஆவது பேக்கப் ஆகாது. கூகுள் டிரைவோ ஒன்டிரைவோ, இங்கே ஒருவர் ஃபோல்டரை அழித்தால் அங்கேயும் அழிக்கும். இங்கே ரான்சம்வேர் பூட்டினால் பூட்டிய கோப்பையே அங்கேயும் ஏற்றும். பழைய வெர்ஷன்களை மாதக் கணக்கில் வைத்திருக்கும் ஏற்பாடு வேண்டும். இரண்டு, ஒரு நகலாவது கேபிளைப் பிடுங்கிய நிலையில் இருக்கட்டும். கிளவுடில் வைத்தால் அதற்குத் தனி கணக்கு, தனி பாஸ்வேர்டு, குறிப்பிட்ட காலத்துக்கு யாராலும் அழிக்க முடியாத பூட்டு. உன் அட்மின் பாஸ்வேர்டு திருடு போனாலும் திருடனால் பேக்கப்பைத் தொட முடியக் கூடாது. கிளவுட் பில்லையும் கவனி. கார்டு காலாவதியாகி, நினைவூட்டல் மெயில்கள் வேலையை விட்டுப் போனவருக்கே போய்க்கொண்டிருந்தால், கணக்கு முடங்கியது யாருக்கும் தெரியாது.

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், அதில் ஒன்று வெளியூரில் என்ற 3-2-1 விதியைப் படித்திருப்பாய். அதைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். விதி நல்லதுதான். ஆனால் எண்ணிக்கை சரியாக இருந்தும் மூன்றும் ஒரே பாஸ்வேர்டில் தொங்கினால் உன்னிடம் இருப்பது ஒன்றே.

எதை அனுப்புவது? எல்லாவற்றையும் என்று தொடங்கினால் ஒன்றும் போய்ச் சேராது. 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த ஜி-டிரைவ் அதில் போனது, 858 டெராபைட். அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியிடத்தில் நகலே எடுக்கவில்லை. பெரிதாக இருந்தால் பிரித்துக்கொள். மறுபடி உருவாக்க முடியாதது எது என்று பார். விண்டோஸும் ஆஃபீஸும் எங்கும் கிடைக்கும். கிளையன்ட்டின் டேலி டேட்டா, ஆடிட் வொர்க்கிங் பேப்பர், ஸ்கேன் செய்த வவுச்சர், மெயில், இவை கிடைக்காது. இவை தினமும் போகட்டும்.

டேலியில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு கம்பெனியின் டேட்டாவும் வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டரில் கிடக்கும். அந்த எண் எந்தக் கிளையன்ட் என்ற பட்டியலும் பேக்கப்போடு வெளியூர் போக வேண்டும்; லைசன்ஸ் விவரமும் கூடவே. கம்பெனி திறந்திருக்கும்போது ஃபோல்டரை அப்படியே காப்பி அடித்தால் அரைகுறையாக வரலாம். எல்லாரும் மூடிவிட்டுப் போன பிறகு ஓடும்படி நேரம் வை. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனிலுள்ள சாவியை நகலெடுக்க முடியாது என்பதையும் பார்ட்னர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

சட்டமும் இதில் பேசுகிறது. 2014-ம் ஆண்டின் கம்பெனிகள் (கணக்குகள்) விதிகளின்படி, மின்னணு வடிவில் உள்ள கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் வந்த திருத்தம் அதைத் தினசரி எடுக்கச் சொல்கிறது. கடமை கம்பெனியுடையது என்றாலும், கிளையன்ட்டின் கணக்கு உங்கள் சர்வரில் எழுதப்படும்போது கேள்வி உங்களிடம்தான் வரும். அமேசானுக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும் மையங்கள் உண்டு. சேமிப்பிடத்தைத் தொடங்கும்போது ஊரைத் தேர்ந்தெடுப்பது நீதான். அந்தத் திரையைப் படிக்காமல் தாண்டிவிடாதே.

இனி வேகக் கணக்கு. பிராட்பேண்டு விளம்பரத்தில் வரும் எண் பெரும்பாலும் டவுன்லோடு வேகம். உனக்கு முதலில் வேண்டியது அப்லோடு. 2 டெராபைட்டை 20 எம்பிபிஎஸ்-ல் ஏற்ற, ஒரு நொடி நிற்காமல் ஓடினாலும் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். முதல் தடவை மட்டும் முழுசாக ஏற்றிவிட்டு, பிறகு மாறியதை மட்டும் இரவில் அனுப்பு. திரும்ப இறக்க 100 எம்பிபிஎஸ்-ல்கூடக் கிட்டத்தட்ட இரண்டு நாள். ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்கு 20-ம் தேதி கெடு. 19-ம் தேதி இரவு சர்வர் போனால் அந்த இரண்டு நாள் யாரிடமும் இல்லை. ஆகவே பக்கத்திலேயே ஒரு நகல் அவசரத்துக்கு, வெளியூரில் ஒரு நகல் பேரழிவுக்கு.

டிஸ்க்கைச் சுழற்றுவதாக இருந்தால் 'அ', 'ஆ' என்று இரண்டு வாங்கு. 'ஆ' வெளியே போய்ச் சேர்ந்துவிட்டது என்று போன் வந்த பிறகே 'அ' அலுவலகத்துக்குத் திரும்பலாம். இரண்டும் ஒரே மேஜையில் கிடக்கும் அரை மணி நேரமும் நீ ஆஃப்சைட் இல்லாமல்தான் இருக்கிறாய். டிஸ்க் ஸ்கூட்டர் டிக்கியிலும் பஸ்ஸிலும் போகும் பொருள், அதனால் என்கிரிப்ட் செய்யாமல் வாசலைத் தாண்டக் கூடாது. உள்ளே இருப்பவை ஊராரின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும். பிட்லாக்கர் போட்டால் 48 இலக்க ரெக்கவரி கீ வரும். அதை அலுவலகக் கம்ப்யூட்டரில் மட்டும் சேமிப்பது, வீட்டுச் சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிக்கொள்வதுதான். அச்சிட்டு பார்ட்னரின் பேங்க் லாக்கரில் ஒன்றும், வெளியூரில் டிஸ்க் இல்லாத வேறொரு வீட்டில் ஒன்றும் வை.

இத்தனையும் செய்த பிறகும் வேலை பாதிதான் முடிந்திருக்கும். 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினார்கள். தினசரி பேக்கப் சேர வேண்டிய இடம் காலியாக இருந்தது. டேட்டாபேஸ் 9.6 வெர்ஷன், பேக்கப் எடுத்த நிரல் 9.2, ஒத்துப்போகாமல் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்ல மெயிலும் போய்க்கொண்டுதான் இருந்தது. மெயில் சர்வர் அதை ஏற்காமல் திருப்பிவிட்டது. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்துவைத்த நகல்தான் காப்பாற்றியது. நடந்ததை ஒளிக்காமல் அவர்களே விரிவாக எழுதினார்கள். அதைத் தேடிப் படி.

உன் அலுவலகத்தில் தோல்விக்கு மட்டும் மெயில் வரும்படி வைக்காதே. வெற்றிக்கும் தினமும் காலை மெயில் வரட்டும்; வராத காலையில் நீ எழுந்து ஓட வேண்டும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கிளையன்ட்டைத் தேர்ந்தெடுத்து, வெளியூர் நகலிலிருந்து, சர்வரைத் தவிர்த்து வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய். டேலியில் திறந்து, டிரையல் பேலன்ஸை அச்சில் இருப்பதோடு ஒப்பிடு. அந்த வேலையை நீ செய்யாமல், நீ எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து ஆர்ட்டிகிள்ஷிப் பையன் ஒருவன் செய்யட்டும். நீ லீவில் இருக்கும் நாளில்தான் சர்வர் போகும். உன் தலைக்குள் மட்டும் இருக்கும் பாஸ்வேர்டும் அசலையும் நகலையும் சேர்த்துக் கொண்டுபோகக்கூடியதே.

இந்த மாதம் 20-ம் தேதி கழிந்ததும் முதல் ரீஸ்டோரைச் செய்து பார். எத்தனை மணி நேரம் ஆயிற்று, எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு தாளில் எழுதி பார்ட்னர் மேஜையில் வை. இரண்டாவது டிஸ்க்குக்கும் கிளவுடுக்கும் அதன் பிறகு பணம் கேள். வெறும் கொட்டேஷனோடு போனால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள். இந்தத் தாளோடு போனால், வாங்கிவிட்டாயா என்று அவர்களே கேட்பார்கள்.

அன்புடன்,
தொழிலில் உனக்கு மூத்தவன்