பெயின்ட் தெறிக்கும் அறைக்குள் ஒரு மணி நேரம்: முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூருக்குச் சுற்றுலா போகிறவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். மெர்லயன், செந்தோசா, லிட்டில் இந்தியா, முஸ்தபா. அதில் இன்னொரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பெயின்ட் தெறிப்பு ஸ்டுடியோ. நான்கு நாள் பயணத்தில் நாம் எத்தனையோ இடங்களைப் பார்க்கிறோம், படம் பிடிக்கிறோம், நகர்கிறோம். நம் கையால் எதையாவது செய்துவிட்டு வருகிற இடம் அதில் அநேகமாக ஒன்றுகூட இருக்காது. அந்தக் குறையை இந்த ஒரு மணி நேரம் தீர்த்துவைக்கும்.

சுவரிலும் தரையிலும் பழைய வண்ணங்கள் ஏடு ஏடாகப் படிந்த ஓர் அறை. நடுவில் வெள்ளைக் கேன்வாஸ். குப்பிகளில் பெயின்ட். தூரிகை பிடித்துத் தீட்ட வேண்டியதில்லை. வீசலாம், சொட்டவிடலாம், பீய்ச்சலாம், ஊற்றலாம். உட்கார்ந்து நிதானமாக வரைகிற இடங்கள் ‘ஆர்ட் ஜாமிங்’ என்ற பெயரில் சிங்கப்பூரில் பல ஆண்டுகளாகவே உண்டு. இது உடம்பு முழுவதையும் வேலை வாங்குகிற வகை. லண்டனிலும் அமெரிக்க நகரங்கள் பலவற்றிலும்கூட இப்படிப்பட்ட அறைகள் இருக்கின்றன. இங்கே சொல்லப்போவது அங்கேயும் பொருந்தும்.

‘எனக்கு வரையவே வராதே’ என்று தயங்க வேண்டாம். ஆனால் வரையத் தெரியாதவர்களுக்கான இடம்தானே என்று கன்னாபின்னாவென்று எறிந்தால், கடைசியில் சேற்று நிறத்தில் ஒரு துணிதான் மிஞ்சும். கொஞ்சம் கவனத்தோடு வீசினால், வரவேற்பறையில் மாட்டுகிற மாதிரி ஒரு படம் கிடைக்கும். அந்தக் கவனத்தை எங்கே செலுத்துவது என்பதுதான் இந்த வழிகாட்டியின் வேலை.

இந்தத் தெறிப்பு எங்கிருந்து வந்தது?

போவதற்கு முன் ஜாக்சன் பொலாக்கைப் பற்றி ஐந்து நிமிடம் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க ஓவியர், 1912-ல் பிறந்தவர். 1945-ல் மனைவி லீ கிராஸ்னருடன் நியூயார்க் நகரத்தைவிட்டு லாங் ஐலண்டின் கிழக்கே உள்ள ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூருக்குக் குடிபோனார். கிராஸ்னரும் பெரிய ஓவியர். வீட்டுக்குப் பின்னால் இருந்த மரக் கொட்டகைதான் பொலாக்கின் ஸ்டுடியோ. 1947 முதல் கேன்வாஸைத் தரையில் விரித்துப்போட்டு, சுற்றி நடந்தபடியே பெயின்ட்டைச் சொட்டவிட்டும் வீசியும் வேலை செய்தார். ஓவியர்கள் வாங்குகிற விலையுயர்ந்த குழாய் வண்ணத்தைவிட, கதவு ஜன்னலுக்கு அடிக்கிற எனாமல் பெயின்ட்தான் அவருக்கு வசதியாக இருந்தது. காரணம், அது ஓடும். காய்ந்து இறுகிய தூரிகை, குச்சி, பீய்ச்சுகுழல் எல்லாம் அவருடைய கருவிகள்.

அவர் மட்டுமே முன்னோடி என்று சொல்வது நியாயமில்லை. உக்ரைனில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய ஜேனட் சோபெல், யாரிடமும் பயிற்சி பெறாதவர், 1940-களின் நடுவிலேயே சொட்டு ஓவியங்கள் செய்திருந்தார். அவற்றைப் பொலாக் பார்த்திருக்கிறார். ஜப்பானில் குடாய் என்ற கலைஞர் குழுவின் ஷோஸோ ஷிமாமோட்டோ 1956-ல் பெயின்ட் நிரப்பிய பாட்டில்களைக் கேன்வாஸ்மீது எறிந்து உடைத்தார். அதே குழுவின் கசுவோ ஷிராகா கயிற்றைப் பிடித்துத் தொங்கியபடி காலால் ஓவியம் தீட்டினார். நீங்கள் நுழையப்போகும் அறைக்கு இத்தனை பேர் வழி போட்டிருக்கிறார்கள்.

நியூயார்க் போக வாய்ப்பிருந்தால் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ‘ஒன்: நம்பர் 31, 1950’ ஓவியத்தையும், மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ‘ஆட்டம் ரிதம்’ ஓவியத்தையும் பாருங்கள். ஸ்பிரிங்ஸ் வீடு இப்போது நினைவில்லமாக இருக்கிறது. மே முதல் அக்டோபர் வரை, முன்பதிவு செய்தவர்கள் மட்டும் உள்ளே போகலாம். 1953-ல் கொட்டகைத் தரைமேல் பலகை போட்டு மூடிவிட்டார்கள். கிராஸ்னர் 1984-ல் இறந்த பிறகு அதைப் பெயர்த்துப் பார்த்தபோது பழைய சொட்டுகள் அப்படியே இருந்தன. மெத்தென்ற செருப்பு மாட்டிக்கொண்டு அந்தத் தரைமேலேயே நடக்க விடுகிறார்கள்.

படி 1: பயணத்தின் முதல் பாதியிலேயே பதிவு செய்யுங்கள்

இதுதான் இருப்பதிலேயே முக்கியமான யோசனை, பலர் கோட்டைவிடுவதும் இதில்தான். ஊருக்குக் கிளம்புகிற நாளில் போனால் ஈரக் கேன்வாஸோடு விமான நிலையத்தில் நிற்க நேரும். தடித்து விழுந்த பெயின்ட் சிங்கப்பூரின் ஈரக் காற்றில் உள்வரை காய ஓரிரு நாளாவது பிடிக்கும். முடிந்தால் இரண்டாவது நாளே போய்விடுங்கள். காயும்வரை ஸ்டுடியோவிலேயே வைத்திருந்து பிறகு தருவார்களா என்று கேளுங்கள்.

பதிவு செய்யும்போது இவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: கேன்வாஸ் என்ன அளவு? கட்டணம் ஆளுக்கா, கேன்வாஸுக்கா? பெயின்ட் தீர்ந்தால் கூடுதல் பணம் உண்டா? எத்தனை வயதுக் குழந்தைகளை அனுமதிப்பார்கள்? சொல்கிற விலையில் 9 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா? சனி, ஞாயிறும் ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையும் கூட்டமான நேரம். வாரநாள் காலையில் போனால் நிம்மதியாக வீசலாம்.

சில இடங்களில் புற ஊதா விளக்கு அறையும் இருக்கும். இருட்டில் பெயின்ட் பளபளவென்று மின்னும், படம் எடுக்க அருமையாக இருக்கும். ஆனால் அந்த மின்னல் விளக்கின் வேலை. ஊருக்குக் கொண்டுபோய்ச் சாதாரண வெளிச்சத்தில் மாட்டினால் வெறும் பளிச்சென்ற இளஞ்சிவப்பும் பச்சையும்தான் தெரியும். வீட்டில் மாட்டுவதற்கென்றால் சாதாரண அறையே மேல்.

படி 2: உடையும் உடம்பும்

பெரும்பாலான ஸ்டுடியோக்களில் மழைக்கோட்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் மேலாடை, காலுறை, கண்ணாடி எல்லாம் தருவார்கள். இருந்தாலும் கழுத்து வழியாகவும் கைமூட்டு வழியாகவும் பெயின்ட் இறங்கத்தான் செய்யும். போனால் போகட்டும் என்கிற பழைய பருத்தி உடையே சரி. துப்பட்டா, தொங்கும் கம்மல், கல் வைத்த மோதிரம் எதுவும் வேண்டாம். கழுத்துச் சங்கிலியை உடைக்குள் தள்ளிவிடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்குக் கண்ணாடிக்கு மாறிக்கொள்வது நல்லது.

கிளம்பும் முன் நெற்றி முடியோரம், காது மடல், நகக்கண் ஆகியவற்றில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். பெயின்ட் ஒட்டினாலும் வழித்தெடுக்க எளிது. கைபேசியை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுவிட்டால் உறைமேலேயே தொட்டுப் படம் எடுக்கலாம்.

படி 3: மூன்று வண்ணம், ஒரு வெள்ளை

வரிசையாக அடுக்கிய குப்பிகளைப் பார்த்ததும் எல்லாமே வேண்டும் போலிருக்கும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். சிவப்பும் பச்சையும், நீலமும் ஆரஞ்சும், மஞ்சளும் ஊதாவும் ஈரமாகக் கலந்தால் பழுப்புதான் வரும். சேற்று நிறக் கேன்வாஸ்கள் எல்லாம் இப்படிப் பிறந்தவையே. பக்கத்துப் பக்கத்து வண்ணங்களில் இரண்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்று, கூட வெள்ளை. உதாரணமாக நீலம், மயில்பச்சை, அவற்றோடு கொஞ்சமே கொஞ்சம் ஆரஞ்சு. அந்த ஆரஞ்சைக் கடைசியில் எடுங்கள்.

வெள்ளையை ஏன் சேர்க்கச் சொல்கிறேன் என்றால், ஓரிடத்தில் நெரிசலாகிவிட்டால் அதன்மேல் ஒரு வெள்ளை வீச்சு மறுபடி மூச்சுவிட இடம் கொடுக்கும்.

படி 4: கை வீச்சு

கேன்வாஸைச் சுவரில் மாட்டி வைத்திருந்தால், தரையில் போடலாமா என்று கேளுங்கள். சுவரில் எறிந்தால் எல்லாமே கீழ்நோக்கி வழியும், எந்தக் கோடும் நீங்கள் நினைத்த இடத்தில் நிற்காது. தரையில் இருந்தால் நாலு பக்கமும் சுற்றி வரலாம்.

முதலில் பெயின்ட்டின் பதத்தைப் பாருங்கள். குச்சியை முக்கித் தூக்கினால் அறுபடாத நூலாக இறங்க வேண்டும். கட்டியாக விழுந்தால் சிறிது தண்ணீர். சொட்டுச் சொட்டாக உதிர்ந்தால் நீர்த்துப்போயிருக்கிறது, அது கோட்டுக்கு ஆகாது, தெறிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வேகம். கரண்டியிலிருந்து தேனை ஒரே இடத்தில் ஊற்றினால் சுருள் சுருளாக விழுகிறதல்லவா, பெயின்ட் நூலும் அப்படித்தான். கை தயங்கினால் கோடு சுருண்டு கொசகொசவென்று ஆகிவிடும். பிரவுன் பல்கலைக்கழகத்தின் ரொபெர்ட்டோ செனிட் குழுவினர் பொலாக் வேலை செய்யும் பழைய படச்சுருள்களை அளந்து பார்த்து, 2019-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கையின் வேகத்தையும் உயரத்தையும் பொலாக் அந்தச் சுருள் விழாத அளவில்தான் வைத்திருந்தார் என்பது அவர்கள் கண்டது. சும்மா வீசியது போலத் தெரிகிற கோட்டுக்குள் அவ்வளவு கணக்கு இருக்கிறது. ஆகவே குச்சியைக் கேன்வாஸுக்கு ஒரு முழம் மேலே பிடித்து, மணிக்கட்டை மட்டும் ஆட்டாமல் தோளிலிருந்தே கையை ஓட்டுங்கள். கேன்வாஸின் ஓரத்துக்கு வெளியே தொடங்கி மறு ஓரத்துக்கு வெளியே முடியுங்கள். அப்போதுதான் கோட்டின் தலையும் வாலும் படத்துக்குள் குண்டாக உட்காராது.

தெறிப்பு வேறு மாதிரி. தூரிகையை முக்கி, வேகமாக வீசிச் சட்டென்று கையை நிறுத்த வேண்டும். நிறுத்துகிற அந்த வெட்டில்தான் பெயின்ட் பறக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷின் நாரைக் கட்டைவிரலால் உங்கள் பக்கம் நிமிண்டினால் பனித்தூவல் மாதிரி நுண்புள்ளிகள் விழும். ஊசியில்லாத சிரிஞ்சு கிடைத்தால் நீளக் கோடு பீய்ச்சலாம். பலூனில் பெயின்ட் நிரப்பித் தருகிற இடங்களும் உண்டு. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் ஒரே பலூன் பாதிப் படத்தை மூடிவிடும். எறிவதாக இருந்தால் முதலிலேயே எறிந்துவிட்டு அதன்மேல் வேலை செய்யுங்கள்.

பெரிய வீச்சுகள் முதலில், கோடுகள் அடுத்து, நுண்புள்ளிகள் கடைசியில். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ஐந்து நிமிடமாவது ஆறப்போடுங்கள். அந்த நேரத்தில் மற்றவர்கள் வீசுவதைப் பார்க்கலாம்.

படி 5: நிறுத்துங்கள்

நான் போயிருந்தபோது பக்கத்துக் கேன்வாஸில் மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. பேத்தி துள்ளித் துள்ளி எறிந்துகொண்டிருந்தாள். பாட்டி குச்சியைப் பிடித்தபடி கேன்வாஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நல்லா வீசு அப்பத்தா!”

“இருடி. பார்த்துத்தான வீசணும்.”

மூன்று முறை கையைச் சுழற்றினார். மூன்று நீல வளைவுகள், ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும். குச்சியைக் குப்பியில் வைத்துவிட்டார்.

“இன்னும் நெறைய நேரமிருக்கு அப்பத்தா!”

“போதும்டி. இதுக்கு மேல போட்டா கெட்டுப்போயிரும்.”

அன்றைக்கு அந்த அறையில் இருந்ததிலேயே நல்ல படம் அதுதான். காசு கொடுத்த நேரம் முழுவதையும் கேன்வாஸ்மீதே செலவழிக்க வேண்டும் என்ற எண்ணம்தான் பல படங்களைக் கெடுக்கிறது. ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் கைபேசியில் ஒரு படம் எடுத்து, சின்னதாக்கிப் பாருங்கள். வெள்ளை இடம் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போகிறது என்றால் கையைக் கழுவப் போகலாம். வேகம் அடங்காதவர்கள் இன்னொரு சின்னக் கேன்வாஸை வாங்கிக்கொள்வது நல்லது.

பெரியவர்களும் குழந்தைகளும்

ஈரப் பெயின்ட் விழுந்த பிளாஸ்டிக் விரிப்பு கடுமையாக வழுக்கும். ஓட விடாதீர்கள். முதியவர்களுக்கு ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போடுங்கள், உட்கார்ந்தபடியே அழகாக வீசலாம். பெயின்ட் கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். எரிச்சல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கறை

ஸ்டுடியோவில் தருவது அக்ரிலிக் பெயின்ட் என்றால், ஈரமாக இருக்கும்வரை தண்ணீருக்குக் கட்டுப்படும். காய்ந்தால் பிளாஸ்டிக். அதனால் ஹோட்டலுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், ஸ்டுடியோவிலேயே பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள். வெந்நீர் வேண்டாம். காய்ந்த சின்னக் கறைமேல் ஆல்கஹால் கலந்த சானிடைசரை ஊற்றிச் சிறிது நேரம் கழித்துச் சுரண்டினால் ஓரளவு விடும்.

படத்தை ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது

பல விமான நிறுவனங்களில் கைப்பை அளவு 55×35×25 சென்டிமீட்டர், எடை 7 கிலோ. 30×40 சென்டிமீட்டர் கேன்வாஸ் அதற்குள் படுத்துக்கொள்ளும். முதல்முறை போகிறவர்கள் அந்த அளவையே எடுக்கலாம். பெரிதாக வேண்டுமென்றால், சட்டத்தில் அடிக்காத வெறும் கேன்வாஸ் துணி கேளுங்கள். நன்றாகக் காய்ந்தபின், பெயின்ட் வெளிப்பக்கம் இருக்கும்படி, அகலமான அட்டைக் குழாயின்மேல் சுற்ற வேண்டும். உள்பக்கம் வைத்துச் சுற்றினால் நசுங்கி வெடிக்கும். நடுவில் கேக் சுடப் பயன்படும் வழவழப்பான காகிதம் போடுங்கள், செய்தித்தாள் ஒட்டிக்கொள்ளும். குளம் மாதிரித் தடித்து நிற்கிற படத்தைச் சுற்றவே கூடாது. மிச்சப் பெயின்ட் கொடுத்தால் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட குப்பி கைப்பையில் போகாது.

ஹோட்டல் அறையில் கேன்வாஸைக் கம்பளத்தில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் விரித்து மேசைமேல் படுக்கவைத்து ஏசியை ஓடவிட்டால் சீக்கிரம் காயும். ஊருக்கு வந்தபின் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைக்க வேண்டாம், அக்ரிலிக் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். சட்டம் போடக் கொடுக்கும்போது கண்ணாடி தேவையில்லை என்று சொல்லுங்கள். கண்ணாடி போட்டே தீருவது என்றால், அது பெயின்ட்மேல் படாதபடி ஓரத்தில் கட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள்.