கணினிப் பெட்டிக்குள் உஷ்ணமும் ஓசையும்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

மலாயாவில் மின்சாரத்தின் சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர் ரவாங்கிலிருந்து தொடங்குவதே வழக்கம். 1894-ஆம் ஆண்டில், சீனப் பெருவணிகரான லோக் இயூவும், கோலாலம்பூர் மகாமாரியம்மன் ஆலயத்தை நிறுவியவரான கே. தம்புசாமிப் பிள்ளையும் சேர்ந்து, அவ்வூரில் மின்பிறப்பி ஒன்றை அமைத்து, தங்கள் ஈயச் சுரங்கத்தில் ஊறிய நீரை மின்சார பம்புகளால் இறைத்தார்கள். அதே ரவாங்கில் இன்று, தாமான் வீடுகளின் மாடியறைகளில், லோயாட் பிளாசாவிலே கடை கடையாக விலை விசாரித்து வாங்கி வந்த மதர்போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் தம் கையாலேயே கேசிங்குக்குள் பூட்டிக் கணினி அமைத்துக்கொள்ளும் வாலிபர்கள் பலர். மின்சாரத்தை வேலை வாங்குவதில் அவர்களுக்குக் குறையொன்றுமில்லை; அந்த மின்சாரம் பெட்டிக்குள் விட்டுச் செல்லும் உஷ்ணத்தை வெளியேற்றும் விஷயத்தில்தான், குளிர்தேசத்துக் காணொளிகளைப் பார்த்தும் நண்பர்கள் சொல்லக் கேட்டும் உண்டான அபிப்பிராயங்கள் சில, விசாரணையின்றியே சாஸ்திரமாகிவிட்டன.

அவற்றை ஆராயுமுன் அடிப்படையான ஓர் உண்மையை மனத்திலிருத்துவது நலம். கணினி எத்தனை வாட் மின்சாரத்தை உண்ணுகிறதோ, அத்தனையும் முடிவில் உஷ்ணமாகவே மாறுகிறது. அந்த உஷ்ணத்தைப் பெட்டியிலிருந்து சுமந்து செல்லக் காற்றைத் தவிர வேறு வாகனமில்லை. ஆதலால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே: காற்று எவ்வழியே நுழைகிறது, எவ்வழியே வெளியேறுகிறது, நுழையும்போது அதன் உஷ்ணம் என்ன?

நம்பிக்கை 1: விசிறிகள் பெருகப் பெருகக் குளிர்ச்சியும் பெருகும்.

உண்மை: விசிறி காற்றை நகர்த்துமேயன்றிக் குளிர்விக்காது. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கையில் 400 வாட் உண்ணும் கணினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே நுழைந்த காற்று வெளியேறும்போது 10 டிகிரி மட்டுமே சூடேறியிருக்க வேண்டுமானால், வினாடிக்குச் சுமார் 34 லிட்டர் காற்று பெட்டியினூடே செல்ல வேண்டும் என்பது பௌதிகக் கணக்கு. முகப்பில் இரண்டும் பின்புறத்தில் ஒன்றுமாக, 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறிகள் மூன்று இருந்தால், தடையற்ற கேசிங்கில் பெரும்பாலும் இது கைகூடிவிடும். அதை இரட்டித்து 68 லிட்டராக்கினால் கிடைக்கும் லாபம் 5 டிகிரி. மறுபடியும் இரட்டித்தால் இரண்டரை டிகிரி. செலவும் சப்தமும் ஏறிக்கொண்டே போக, பலன் பாதி பாதியாகத் தேய்கிறது.

இதனினும் முக்கியமானது அறையின் உஷ்ணம். ரவாங் வீட்டு மாடியறை பிற்பகலில் 32 டிகிரியைத் தொடுவது அபூர்வமன்று. மேலைநாட்டுப் பரிசோதகர்கள் 20, 22 டிகிரி அறையில் எடுத்த அளவுகளுக்கும் நம் வீட்டு அளவுகளுக்குமிடையே தொடக்கத்திலேயே 10 டிகிரி வித்தியாசம் விழுந்துவிடுகிறது. எத்தனை விசிறிகளை அடுக்கினாலும் பெட்டியின் உஷ்ணம் அறையின் உஷ்ணத்துக்குக் கீழே இறங்காது. அறை 7 டிகிரி குளிர்ந்தாலோ, அதே வேகத்தில் சுழலும் விசிறிகளைக் கொண்டே, உள்ளிருக்கும் பாகங்களும் ஏறக்குறைய 7 டிகிரி குளிரும். ஏர்கோன் இல்லாதவர்கள், சன்னலைத் திறந்துவைத்து, மேசையின் மூடிய அடுக்கிலிருந்து பெட்டியை விடுவித்து, சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே இழுத்து வைப்பது, ஐந்தாவது விசிறியைவிட அதிகப் பிரயோஜனம் தரும்.

நம்பிக்கை 2: பக்கப் பலகையைக் கழற்றிவிட்டால் வேறு ஏற்பாடே வேண்டாம்.

உண்மை: இதில் பாதி நியாயம் உண்டு. பலகையைக் கழற்றியதும் உஷ்ணம் சட்டென்று இறங்கினால், முகப்பில் காற்று நுழைய வழியில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. முகப்பு முழுவதும் கண்ணாடியோ தடித்த பிளாஸ்டிக்கோ போர்த்திய கேசிங்குகளில், ஓரத்திலுள்ள சிறு பிளவின் வழியாகவே விசிறிகள் காற்றை உறிஞ்ச நேர்கிறது; வலை முகப்புள்ள கேசிங்கில் அந்தத் திணறல் இல்லை. ஆகவே பலகையைக் கழற்றுவதை மருந்தாகக் கொள்ளாமல் பரீட்சையாகக் கொள்ள வேண்டும். ஒரே வேலையை அரை மணி நேரம் கொடுத்து, மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் அளந்து பார்த்து, வித்தியாசம் ஐந்தாறு டிகிரிக்கு மேற்பட்டால், முகப்பையும் அதன் தூசி வலையையும் கவனியுங்கள்.

சிமெண்டு ஆலையும் கல்லுடைக்கும் குன்றுகளும் உள்ள ஊரில், சில ஆண்டுகளில் சுமாத்ராவின் புகைமூட்டமும் வந்து கவியும் நாட்டில், பெட்டியை நிரந்தரமாகத் திறந்துவைப்பது தூசியை விருந்துக்கு அழைப்பதாகும். தூசி மட்டுமா? வெதுவெதுப்பை நாடி வரும் எறும்பும் பல்லியும் மின்பலகைமேல் ஊர்ந்து ஷார்ட் உண்டாக்குவது நம் வீடுகளில் கேள்விப்படாத சமாசாரமன்று. பெட்டியை மூடி, வெளியேற்றும் காற்றைவிட உள்ளிழுக்கும் காற்று சற்றே மிகுந்திருக்குமாறு விசிறிகளை அமைத்தால், காற்று இடுக்குகளின் வழியே நுழையாமல் வலையின் வழியாகவே நுழையும். அந்த வலையை மாதம் ஒரு முறை கழுவி உலர்த்துவதோடு வேலை முடிந்தது.

நம்பிக்கை 3: நன்றாகக் குளிர வேண்டுமானால் சப்தத்தைச் சகித்துத்தான் ஆக வேண்டும்.

உண்மை: சப்தத்தைப் பெருக்குவது காற்றின் அளவைக் காட்டிலும் விசிறியின் வேகமே. வேகம் பாதியானால் காற்றும் பாதியாகிறது. ஆனால் ஓசையோ ஏறக்குறைய 15 டெசிபல் குறைந்துவிடுகிறது. ஒரே அளவான ஓசையுடைய இரண்டு விசிறிகளை அருகருகே ஓடவிட்டால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. ஆகவே, நிமிஷத்துக்கு 1500 சுற்று சுழலும் ஒரு விசிறியை நீக்கிவிட்டு, அதே ரக விசிறிகள் இரண்டை 750 சுற்றில் விட்டால், தடையற்ற வெளியில் காற்று குறைவதில்லை; ஓசை மட்டும் 12 டெசிபல் அளவுக்குத் தணிகிறது. 10 டெசிபல் குறைந்தாலே மனிதச் செவிக்கு ஓசை பாதியானது போலத் தோன்றும்.

இதற்கொரு நிபந்தனை உண்டு. வேகம் பாதியானால் விசிறியின் அழுத்தம் நாலிலொன்றாகிவிடுகிறது; அடைத்த முகப்பையும் அழுக்கேறிய வலையையும் ஊடுருவிச் செல்லும் திராணி அதற்கு இராது. ஆதலால் அமைதியை விரும்புகிறவன் முதலில் காற்றின் பாதையைத் திறக்க வேண்டும். பெட்டியின் சுவரெல்லாம் ஒலியுறிஞ்சும் பஞ்சை ஒட்டி, துவாரங்களையும் மூடிவைப்போர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள்: உஷ்ணம் தங்க, விசிறிகள் வேகமெடுக்க, அடக்க நினைத்த ஓசை மறுபடி எழுகிறது.

செவியை உறுத்துவது ஓசையின் அளவு மட்டுமன்று. அதன் ஏற்ற இறக்கமும் உறுத்துகிறது. ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தவுடன் சிப்பு கணநேரம் சூடேற, விசிறி சீறியெழுந்து அடங்கும் அந்த ஓயாத அலைக்கழிப்பை, பயாஸில் விசிறியின் வேகக்கோட்டைச் சுமார் 60 டிகிரி வரை சமமாக வைத்து, வேகமேறுவதற்குச் சில வினாடி தாமதமும் கொடுத்து நிறுத்திவிடலாம். ரீங்காரம் கேட்டால் பக்கப் பலகையின்மேல் உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள். ஓசை நின்றுவிட்டால் அது காற்றின் சப்தமன்று, தகட்டின் அதிர்வு. தளர்ந்த திருகாணியை முடுக்கி, விசிறியின் மூலைகளில் ரப்பர் துண்டுகளை வைத்தால் போதும்.

நம்பிக்கை 4: கேபிள்களை அழகாகக் கட்டினால் உஷ்ணம் வெகுவாகக் குறையும்.

உண்மை: இந்த நம்பிக்கை ஒரு காலத்தில் மெய்யாக இருந்தது. அன்றைய ஹார்டு டிஸ்குகளை மதர்போர்டோடு இணைத்தவை ஏறக்குறைய இரண்டங்குல அகலமுள்ள நாடாக் கேபிள்கள். இரண்டு மூன்று நாடாக்கள் குறுக்கே தொங்கினால் அவை காற்றுக்குத் திரையாகவே நின்றன. பின்னர் சாட்டா (SATA) என்னும் இணைப்பு முறை பரவியதும் மெல்லிய கேபிள்கள் வழக்கிற்கு வந்தன, இன்றோ எம்.2 வகைச் சேமிப்புத் தகடுகளுக்குக் கேபிளே தேவையில்லை. கேபிள்களை ஒதுக்கிக் கட்டுவதால் இக்காலத்துக் கேசிங்கில் உண்டாகும் மாறுதல் பெரும்பாலும் ஓரிரு டிகிரிக்கு மேல் இராது.

அப்படியானால் கட்டுவது வீண் சிரமமா? அல்ல. தொங்கும் கம்பியொன்று விசிறியின் இதழில் உரசினால் எழும் டக்டக் ஓசையும், தூசி துடைக்கப் புகுந்த கையில் சிக்கி ஒரு கனெக்டர் கழன்றுவருவதும், ஒழுங்கின்மையால் வரும் தொல்லைகள். மதர்போர்டின் பின்புறத்து இடைவெளியில் முதலில் தடித்த 24 ஊசிக் கேபிளை ஓட்டி, பிறகு மெல்லியவற்றை அதனோடு சேர்த்து, வெல்குரோ பட்டையால் தளரக் கட்டுவது உத்தமம். பிளாஸ்டிக் கட்டுகளை ஒவ்வொரு முறையும் வெட்ட நேரும்போது கத்தரிக்கோல் கம்பியில் படும் அபாயமுண்டு.

எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது கிராபிக்ஸ் கார்டின் மின்னிணைப்பு. 600 வாட் வரை தாங்குமாறு வகுக்கப்பட்ட 16 ஊசி இணைப்பின் வழியே, 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் மின்னோட்டம் பாயக்கூடும். 2022-இல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 வெளிவந்தபின், சிலரிடம் அந்த இணைப்பு உருகிப்போன செய்தி பரவியது. இணைப்பு முழுமையாகச் செருகப்படாததே பொதுவான காரணம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. மறு ஆண்டே இணைப்பின் அமைப்பும் திருத்தப்பட்டது. இடைவெளி தெரியாதபடி இறுதிவரை அழுத்திச் செருகுங்கள். முனையிலிருந்து முதல் மூன்று நான்கு சென்டிமீட்டர் கேபிளை நேராக விட்டு, அதன்பின் வளையுங்கள். பக்கக் கண்ணாடி அதை நெருக்குகிறதா என்று பாருங்கள். பார்வைக்கு அழகு என்று கூர்மையாக மடித்த கேபிளைவிட, சற்றே துருத்திக்கொண்டிருக்கும் கேபிள் மேலானது.

நம்பிக்கை 5: நீரால் குளிர்வித்தால் உஷ்ணமும் ஓசையும் ஒருங்கே ஒழியும்.

உண்மை: நீர் உஷ்ணத்தை இடம் மாற்றுகிறதே தவிர அழிப்பதில்லை, ரேடியேட்டரில் விசிறிகள் அதே அறைக் காற்றையே ஊதுகின்றன, பம்பின் ஓசையும் புதிதாக வந்து சேர்கிறது. பம்பு ரேடியேட்டரைவிட உயரத்தில் அமைந்துவிட்டால் காற்றுக் குமிழிகள் அங்கே திரண்டு களகளக்கும். 200 வாட்டுக்கு மேல் உண்ணும் சிப்பு வைத்திருப்போருக்கு இதனால் நன்மையுண்டு. 65 வாட் வகைச் சிப்புக்கு நல்லதொரு ஹீட்சிங்க்கும் ஒரு விசிறியும் தாராளம்.

நம்பிக்கை 6: 80 டிகிரி காட்டினால் சிப்பு எரிந்துவிடும்.

உண்மை: ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைச் சிப்புகளில் பலவற்றுக்கு உச்ச வரம்பு 95 டிகிரி, இன்டெலின் அண்மைக்கால மேசைக்கணினிச் சிப்புகளில் பலவற்றுக்கு 100 டிகிரி. வரம்பை எட்டும்போது சிப்பு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே அச்சத்துக்குரியது 80 என்ற எண்ணன்று. வேலையின் நடுவே வேகம் குறைவதே குளிர்ச்சி போதவில்லை என்பதற்கு அடையாளம். வேறொருவர் கணினியோடு ஒப்பிடுவதானால், இரண்டிலும் அறையின் உஷ்ணத்தைக் கழித்துவிட்டு ஒப்பிடுவதே நியாயம்.

புதுப் பாகம் எதையும் வாங்குமுன், ஒரு சனிக்கிழமை காலையில் தூசி வலையைக் கழுவி, முகப்பின் வழியைத் திறந்து, விசிறிகளின் வேகத்தைத் தணித்து, மின்னிணைப்புகளை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அதற்குப் பின்னும் குறையிருந்தால் செலவைப் பற்றி யோசிக்கலாம். நம் ஊரில் கணினியின் உஷ்ணத்தை முதலில் நிர்ணயிப்பது அறை. அடுத்தது காற்றின் பாதை. விசிறிகளின் எண்ணிக்கை அதற்கும் பின்னரே.