கண்புரைச் சிகிச்சையும் பார்வைச் சிதறலும்

கண்புரை நீக்கிய பின்னரும் எழுத்துத் தெளியவில்லை என்று வருந்துவோர் மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் உண்டு. சிகிச்சை பழுதாயிற்று என ஊரார் முடிவு கட்டிவிடுகின்றனர். சில வேளைகளில் காரணம் வேறு.

கண்ணின் முன்புறமுள்ள கருவிழி, பந்தைப்போல் எத்திசையிலும் ஒரே வளைவுடன் இருத்தல் வேண்டும். முட்டையின் பக்கம்போல் ஒரு திசையில் மிகுந்தும் மற்றொன்றில் குறைந்தும் வளைந்திருப்பின், ஒளி ஓரிடத்தில் குவியாது. இதுவே பார்வைச் சிதறல். புரையை எடுத்தபின் வைக்கும் சாதாரண லென்ஸ் இதனைத் திருத்தாது. டோரிக் லென்ஸோ திசைக்குத் திசை வேறுபட்ட ஆற்றல் உடையதாதலால், புரையோடு சிதறலையும் ஒருங்கே தீர்க்க வல்லது.

வைக்கும் கோணமே இதன் உயிர். ஒரு பாகை விலகினால் பயனில் ஏறக்குறைய 3 விழுக்காடு குறையும்; 30 பாகை விலகினால் பயனே இல்லை. படுத்தவுடன் விழி சற்றே சுழலக்கூடுமாதலால், நோயாளி அமர்ந்திருக்கும்போதே விழியில் மையால் குறியிடுவது வழக்கம். முதற்சால் கோணினால் வயல் முழுதும் கோணும் என்றறிந்த உழவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

செலவும் கருதத்தக்கது. மருத்துவர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில், 1992-ல் ஆரோலேப் தோன்றியது. அதன்பின் எளிய லென்ஸ்கள் மதுரையிலேயே குறைந்த செலவில் செய்யப்படலாயின. டோரிக் லென்ஸ் அவற்றினும் விலை மிகுந்தது. சிதறல் சிறிதாயின் மூக்குக்கண்ணாடியே போதும். வீண் கடன் வேண்டா.

நெல் தோகை கீறித் தழும்பேறிய விழியில் வளைவு ஒழுங்கற்றிருக்குமாதலால், டோரிக் பெரும்பாலும் பொருந்தாது. ஆகவே கண் முகாமுக்கு ஆள் திரட்டும் பஞ்சாயத்து உறுப்பினர்கள், பழைய காயத்தை மறைக்காமல் மருத்துவரிடம் கூறச் செய்வார்களாக. கருவிழியின் வளைவை அளந்தனரா, சிதறல் எவ்வளவு என்பதையும் அறுவைக்கு முன்பே கேட்டறியச் சொல்வார்களாக. ஒருமுறை வைத்த லென்ஸைப் பின்னர் மாற்றுவது எளிதன்று.