பணம் போனது ப்ளூடூத் வழியாக அல்ல

"ப்ளூடூத் ஆன்ல இருந்தா ரோட்டுல போறவன் உங்க கம்ப்யூட்டருக்குள்ள பூந்து பேங்க் பணத்தை எடுத்துடுவான்." குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாமல் சுற்றும் இந்தப் புரளியைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பதே, "சார், ப்ளூடூத்தை மொத்தமாக எடுத்துவிட முடியுமா?" என்றுதான். அதே லேப்டாப்பில் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்தால், கடைசியாக எப்போது ஓடியது என்று அவர்களுக்கே தெரியாது.

அந்த வழிப்போக்கன் உங்கள் பணத்தை எடுக்க என்னென்ன நடக்க வேண்டும் என்று பாருங்கள். வீட்டு லேப்டாப்பின் ப்ளூடூத் எட்டும் தூரம் சுமார் 10 மீட்டர். சுவர் குறுக்கிட்டால் இன்னும் குறையும். விசேஷ ஆன்டெனா வைத்துத் தூரத்தைக் கூட்டிக்கொண்டான் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து அவன் உங்கள் கருவியோடு இணைய வேண்டும். போனை லேப்டாப்போடு இணைக்கும்போது இரண்டு திரையிலும் ஒரே ஆறு இலக்க எண் வரும். இரண்டும் ஒன்றா என்று பார்த்து நீங்கள்தான் ஒப்புதல் தர வேண்டும். எண் கேட்காமல் இணையும் ஹெட்செட்டையும் மவுஸையும்கூட நீங்களே செட்டிங்ஸுக்குப் போய்ச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்ந்துவிட்டாலும் ஹெட்செட்டுக்கு ஒலிதான் போகும், ஹார்ட் டிஸ்க் திறந்துகொள்ளாது. ப்ளூடூத்தில் ஒரு ஃபைல் வர வேண்டுமானால்கூட, விண்டோஸில் ஃபைலைப் பெறுவதற்கான ஜன்னலை நீங்களே திறந்து காத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு பேங்க் பாஸ்வேர்டு இருக்கிறது, போனுக்கு வரும் ஓடிபி இருக்கிறது. இதையெல்லாம் தாண்டி ஒருவன் உங்கள் வாசலில் நின்று உழைப்பானா? கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி ஒரு ஏபிகே ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவன் வேலை முடிந்தது. கேஒய்சி முடியவில்லை என்று போன் செய்து ரிமோட் ஆப் போடச் சொன்னாலும் முடிந்தது. பணம் போகிற வழிகள் இவை. இவற்றைப் பற்றி எச்சரிக்க வேண்டிய இடத்தில் ப்ளூடூத் பூச்சாண்டி காட்டுவது பொறுப்பில்லாத வேலை.

அதற்காக ப்ளூடூத்தில் ஓட்டையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2017 செப்டம்பரில் ஆர்மிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் 'ப்ளூபோர்ன்' என்ற பெயரில் எட்டு ஓட்டைகளை வெளியிட்டது. இணைப்பு ஒப்புதல் தேவையில்லை, ப்ளூடூத் ஆனில் இருந்தால் போதும் என்பதால் உலகமே பதறியது, நியாயம்தான். ஆனால் விண்டோஸுக்கான திருத்தம் அந்த ஜூலை மாத அப்டேட்டிலேயே வந்துவிட்டிருந்தது. 2023 டிசம்பரில் மார்க் நியூலின் என்ற ஆய்வாளர், போலிக் கீபோர்டாக நடித்துக் கருவியோடு ஒட்டிக்கொண்டு எழுத்துகளைத் தட்டிவிடலாம் என்று காட்டினார். மைக்ரோசாஃப்ட் 2024 ஜனவரியில் திருத்தம் தந்தது. லினக்ஸில் 2020-லேயே திருத்தம் எழுதப்பட்டும், பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகளில் அதை இயக்காமலே விட்டிருந்தார்கள். இதற்கெல்லாம் பயப்பட வேண்டியவர் அப்டேட் போடாதவர்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. 'மற்ற கருவிகளுக்குத் தெரியாமல் மறைத்து வைத்தால் போதும்' என்பார்கள். போதாது, ப்ளூபோர்னுக்கு அது தடையே இல்லை. 'ஆன்டிவைரஸ் பார்த்துக்கொள்ளும்' என்பதும் தவறு. ஓட்டை இயங்குதளத்திலேயே இருக்கும்போது அதை அடைப்பது அப்டேட்தான். இன்னும் சிலர் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு, யூஎஸ்பி டாங்கிள் மவுஸ் வைத்திருப்பதால் பாதுகாப்பு என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த டாங்கிள் பெரும்பாலும் ப்ளூடூத்தே அல்ல, தனி ரேடியோ. 2016-ல் 'மவுஸ்ஜாக்' என்று வெளியான ஓட்டை, பெரிய கம்பெனிகளின் டாங்கிள்களிலேயே இருந்தது.

என் கோபமெல்லாம் இன்னொன்றின் மேல்தான். புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும்போது திருட்டு விண்டோஸைப் போட்டு, மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அப்டேட்டையும் நிறுத்திக் கொடுக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. வாங்குபவர் சில ஆயிரம் மிச்சம் என்று மகிழ்கிறார். அந்தக் கம்ப்யூட்டரில் ப்ளூடூத்தை அணைத்தாலும் பிரவுசர் வழியாக ஆபத்து வரும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டன. பழைய மெஷினில் விண்டோஸ் 11 ஏறவில்லை என்றால் லினக்ஸ் மின்ட் போடுங்கள். காசு கேட்காது, பில் கட்டவும் மெயில் பார்க்கவும் தாராளமாகப் போதும்.

ப்ளூடூத் கருவி எதுவுமே இல்லாதவர் அதை அணைத்து வைக்கலாம், நல்லதுதான். மவுஸும் ஹெட்செட்டும் இணைத்திருப்பவர் ஆனிலேயே விட்டுவிட்டு, எப்போதோ இணைத்து மறந்த பழைய கருவிகளை மட்டும் பட்டியலிலிருந்து நீக்குங்கள். இன்று இரவே அப்டேட்டை ஓட விடுங்கள், ரீஸ்டார்ட் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். பணம் போய்விட்டதாகத் தெரிந்தால் ப்ளூடூத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள்.