ஜெபிக்க நேரமில்லையா? அபிஷிக்தானந்த சுவாமியார் தரும் பாடம்



நம் விசாரணையில் வீடு சந்திக்கப் போகிறவர்களுக்கு அநேகமாய் எல்லா வாசற்படியிலும் கிடைக்கும் பதில் ஒன்று உண்டு. “ஜெபிக்க ஆசைதான் சுவாமி, நேரந்தான் கிடைக்கவில்லை.” இதைப் பொய்யென்று தள்ளிவிடக் கூடாது. கீழ்க்கட்டளையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, ரேடியல் சாலை நெரிசலைத் தாண்டி, துரைப்பாக்கத்திலோ கிண்டியிலோ வேலை செய்து, இருட்டிய பிறகு வீடு திரும்பும் தகப்பனுக்கு எத்தனை நாழிகை மிச்சம்? தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, தானும் வேலைக்குப் போகும் தாய்க்கு எத்தனை? இரவு ஜெபமாலை எடுத்தால் மூன்றாம் காரணிக்கத்துக்குள் பாதிப்பேர் தூங்கிவிடுகிறார்கள். பிறகு மனச்சாட்சி குத்துகிறது. “நான் ஜெபிக்கத் தெரியாதவன்” என்ற எண்ணம் வேரூன்றி, கடைசியில் இருக்கிற சிறு ஜெபமும் நின்றுபோகிறது. இப்படி நின்றுபோன வீடுகள் நம்மில் கொஞ்சமல்ல.

ஆகையால் இந்த வாரம் ஜெபத்தைப் பற்றி எழுதிய ஓர் ஆசிரியரை உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறோம். நம் தமிழ் மண்ணில், காவேரிக் கரையில் வாழ்ந்தவர் அவர்.

ஹென்றி லெ சோ என்பது அவருடைய சொந்தப் பெயர். 1910-ம் ஆண்டு ஆகஸ்ட் 30-ந் தேதி பிரான்சு தேசத்துப் பிரித்தனி நாட்டில், கடலோர ஊரான சேன் பிரியாக்கில் பிறந்தார். 1929-ல் கெர்கொனான் மடத்தில் அர்ச். ஆசீர்வாதப்பர் சபையில் சேர்ந்து, 1935-ல் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவுக்கு வந்து துறவியாய் வாழவேண்டுமென்ற ஆசை இளவயதிலேயே அவர் மனதில் விழுந்துவிட்டது. ஆனால் அது நிறைவேறப் பல வருஷங்கள் ஆயின. நடுவே உலக யுத்தம் வந்தது. 1947-ல் திருச்சிராப்பள்ளி மேற்றிராணியாருக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்த்தார். அக்காலத்து மேற்றிராணியார் மகா கனம் பொருந்திய மெந்தோன்சா ஆண்டகை. கடிதத்துக்குப் பதில் எழுதியவரோ, 1939 முதல் இந்த நாட்டிலிருந்து குளித்தலைப் பகுதி ஏழைக் கிறிஸ்தவர்களுக்குப் பணி செய்துகொண்டிருந்த சங். மோன்ஷானின் சுவாமியார். இருவர் எண்ணமும் ஒன்றாயிருந்தது. 1948-ல் லெ சோ சுவாமியார் கப்பலேறி வந்து சேர்ந்தார்.

1950-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி, பழைய கணக்கில் அர்ச். ஆசீர்வாதப்பர் திருநாளன்று, குளித்தலைக்கு அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் இருவரும் சேர்ந்து ஓர் ஆசிரமம் தொடங்கினார்கள். மாந்தோப்பு, கூரைக் குடிசைகள், சிறு கோவில், அவ்வளவுதான். அதற்குச் சச்சிதானந்த ஆசிரமம் என்று பெயர் வைத்தார்கள். சத்து, சித்து, ஆனந்தம் என்ற மூன்று சொல்லையும் அர்ச். தமதிரித்துவத்தை வணங்கும் நாமமாக எடுத்துக்கொண்டார்கள். சாந்திவனம் என்று சொன்னால் இன்று எல்லாருக்கும் தெரியும். காவி உடுத்தினார்கள், தரையில் உட்கார்ந்தார்கள், இந்நாட்டு ஏழை உண்பதை உண்டார்கள். லெ சோ சுவாமியார் அபிஷிக்தேசுவரானந்தர் என்ற பெயரைத் தரித்து, பின்பு அதைச் சுருக்கி அபிஷிக்தானந்தர் என்று வழங்கினார். அபிஷேகம் பெற்றவராகிய ஆண்டவரிடத்தில் ஆனந்தங் கொள்ளுகிறவர் என்று பொருள்.

ஆசிரமத்தில் சீஷர் கூட்டம் சேரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வந்தவர்கள் சில நாள் தங்கிப் போய்விட்டார்கள். மோன்ஷானின் சுவாமியார் நோயுற்று 1957-ல் பாரிஸ் நகரில் மரித்தார். மற்றவர் தனியே நின்றார். உலகக் கண்ணுக்குத் தோல்வி என்று தோன்றிய அந்த வருஷங்களில்தான் அவருடைய ஜெபம் முற்றியது. 1968-ல் ஆசிரமத்தைச் சங். பீட் கிரிஃபித்ஸ் சுவாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு, இமயமலையில் உத்தரகாசியில் ஒரு குடிலுக்குப் போய்விட்டார்.

இத்தகைய மனிதர் ஜெபத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1967-ல் டில்லியில் அச்சானது. பெயரும் ஜெபம் என்பதுதான். மெல்லிய புத்தகம். அதை வெளியிட்டது பிரிவினைச் சகோதரரின் அச்சகம் என்பது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். வத்திக்கான் சங்கம் 1965-ல் முடிந்த புதிதில் நடந்தது அது.

இந்தப் புத்தகம் சந்நியாசிகளுக்காக மாத்திரம் எழுதப்பட்டதென்று நினைக்கவேண்டாம். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவனும் தியான ஜெபத்துக்கு அழைக்கப்பட்டவன் என்பதே அவருடைய அடிப்படை. அர்ச். சின்னப்பர் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, இடைவிடாமல் ஜெபிக்கும்படி சொன்னாரல்லவா? அவர் எழுதியது மடத்துக்கல்ல. நெய்கிறவனும் சுமக்கிறவனும் பிள்ளை பெற்ற பெண்களுமான ஒரு பட்டணத்துச் சபைக்கு எழுதினார். அப்படியானால் இடைவிடாமல் ஜெபிப்பது எப்படி? நாள் முழுதும் மந்திரங்களைச் சொல்லிக்கொண்டே இருக்க முடியாது. ஓயாமல் கடவுளைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கவும் முடியாது. கணக்கு எழுதுகிறவன் கணக்கையே நினைக்கவேண்டும், இல்லாவிட்டால் கணக்குத் தப்பும்.

சுவாமியார் தரும் விடை இது. சர்வேசுரன் தூரத்தில் இருக்கிறார், நாம் கூப்பிட்டு வரவழைக்கவேண்டும் என்று எண்ணுவதிலேயே கோளாறு இருக்கிறது. அவர் ஏற்கெனவே இங்கே இருக்கிறார். நம் மூச்சைவிட நமக்குச் சமீபமாயிருக்கிறார். ஜெபம் என்பது அந்தச் சந்நிதியில் விழித்திருப்பது. இருக்கிறவர் முன்பாக நாமும் இருப்பது. ஒரு உதாரணம் சொல்லுகிறோம், இது நூலில் உள்ளதல்ல. தொட்டிலில் குழந்தை தூங்கும்போது தாய் சமையற்கட்டில் வேலை செய்கிறாள். வெங்காயத்தைத்தான் பார்க்கிறாள், குழந்தையை நினைத்துக்கொண்டே இருப்பதில்லை. என்றாலும் ஒரு சிணுங்கல் கேட்டால் கை நின்றுவிடுகிறது. காது முழுதும் அங்கேயே இருந்திருக்கிறது. அந்தக் காதுதான் இடைவிடாத ஜெபம்.

ஆனால், “வேலையே எனக்கு ஜெபம்” என்று சொல்லிப் பூசையையும் ஜெபமாலையையும் விட்டுவிடுகிறவர்களுக்கு இந்த நூலில் ஆதரவு தேட இடமில்லை. குழந்தையை ஒருநாளும் மடியில் வைத்துக் கொஞ்சாத தாய்க்கு அந்தக் காது எங்கிருந்து வரும்? சுவாமியார் தாமே பூசையைப் பெரும் பக்தியோடு நேசித்தவர். 1964-ல் கங்கை உற்பத்தியாகும் கங்கோத்திரிக்கு யாத்திரை போனபோது, அந்த மலையிலும் திவ்விய பலிபூசை செய்தார். தனிமையும் மவுனமும் அவரைப் பீடத்தினின்று பிரிக்கவில்லை.

நூலில் நம் குடும்பங்களுக்கு மிகவும் கைகொடுக்கக்கூடியது, திருநாம ஜெபத்தைப் பற்றிய பகுதி என்பது எங்கள் எண்ணம். கீழ்நாட்டுத் திருச்சபைகளில் பூர்வ காலந்தொட்டு ஒரு வழக்கம் உண்டு. சேசுவின் நாமத்தைச் சொல்லி, பாவியாகிய தன்மேல் இரங்கும்படி கேட்கும் ஒரே ஒரு சிறு மன்றாட்டை, மூச்சோடு சேர்த்து, திரும்பத் திரும்பச் சொல்லுவார்கள். எகிப்து வனாந்தரத்திலும் கிரேக்க மடங்களிலும் ருஷிய நாட்டுக் குடியானவர் நடுவிலும் இது வளர்ந்தது. நம் தேசத்தாரும் நாமஜெபம் என்று ஒன்றை வழிவழியாய் அறிந்திருக்கிறார்கள். சுவாமியார் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து, திருநாமம் படிப்படியாய் உள்ளே இறங்குகிறது என்று காட்டுகிறார். முதலில் அது உதட்டில் இருக்கிறது. வாயினால் சொல்லுகிறோம், மனம் எங்கேயோ அலைகிறது. அதற்காக நிறுத்தவேண்டியதில்லை. பிறகு மனதுக்குள் இறங்குகிறது. வாய் மூடியிருந்தாலும் உள்ளே ஒலிக்கிறது. கடைசியாய் இருதயத்தில் போய்த் தங்குகிறது. அங்கே நாம் நாமத்தைச் சுமப்பதில்லை, நாமம் நம்மைச் சுமக்கிறது. இந்த மூன்றாம் படி நம் முயற்சியால் வருவதல்ல, வரப்பிரசாதத்தால் வருவது.

நம்மிடத்தில் இந்த நாமஜெபம் ஏற்கெனவே இல்லையா? நம் பாட்டிமார் பிரியதத்த மந்திரம் என்று சொன்ன அருள்நிறை மந்திரத்தின் நடுவில் சேசு என்ற நாமம் நிற்கிறது. ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலையில் ஐம்பத்துமூன்று தரம் அதைச் சொல்லிவிடுகிறோம். அந்த இடத்தில் ஒரு கணம் நிதானித்தால் போதும். ஓடுகிற ஜெபமாலை நடக்கத் தொடங்கும். இதற்குக் கூடுதல் நேரம் ஐந்து நிமிஷங்கூட ஆகாது.

காவி கட்டிக்கொண்டு, திருவண்ணாமலைக் குகைகளில் தங்கி, இரமண மகரிஷியைத் தரிசித்த ஒருவருடைய போதனை நமக்கு ஏற்குமா என்று நம் பெரியவர்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. அவருக்குள் பெரிய போராட்டம் நடந்தது உண்மை. உபநிஷத்துக்களில் கண்ட அநுபவத்தையும் திருச்சபையின் விசுவாசத்தையும் ஒன்றாய்ப் பிடித்துக்கொள்ள அவர் பட்ட வேதனை, அவர் மரித்த பின் 1986-ல் பிரான்சில் வெளியான நாட்குறிப்புகளில் தெரிகிறது. அந்த நாட்குறிப்பைக் குடும்பங்கள் கையிலெடுக்கும்படி நாங்கள் சொல்லமாட்டோம். அது தன் அறையில் ஒருவர் தனக்காக எழுதிக்கொண்டது, கற்றவர்களே அதில் தடுமாறுகிறார்கள். 1989-ல் உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுச் சபை கிறிஸ்தவ தியானத்தைப் பற்றி மேற்றிராணிமாருக்கு எழுதிய நிருபத்திலும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. பிற மார்க்கங்களின் முறைகளில் நல்லதை எடுத்துக்கொள்ளலாம்; ஆனால் உடலின் அமைதியை இஸ்பிரீத்து சாந்துவின் ஆறுதலென்று தவறாய் எண்ணிவிடக் கூடாது என்கிறது. உட்கார்ந்து மூச்சைக் கவனித்தால் தலைபாரம் இறங்கும். அது நல்லதே. ஆனால் எழுந்த பிறகு மாமியாரோடு பேசும் பேச்சு மாறியதா என்று பார்க்கவேண்டும்.

1967-ம் ஆண்டு நூலோ ஐயத்துக்கு இடமில்லாத இடத்தில்தான் போய் நிற்கிறது. மவுனம், நாமம் என்று நம்மைக் கூட்டிக்கொண்டு போன சுவாமியார், சேசுநாதர் பூங்காவனத்தில் இரத்த வியர்வை சிந்திச் சொன்ன சொல்லுக்கு வருகிறார். அப்பா என்ற சொல் அது. ஞானஸ்நானம் பெற்றவனுடைய உள்ளத்தில் இஸ்பிரீத்து சாந்து அதைச் சொல்லுகிறார் என்று அர்ச். சின்னப்பர் உரோமாபுரியாருக்கும் கலாத்தியருக்கும் எழுதியிருக்கிறார். ஆண்டவர் பேசிய பாஷையில் இருந்த அந்தச் சொல் ஏறக்குறைய நம் தமிழ்ச் சொல்லாகவே இருப்பது நமக்குக் கிடைத்த பாக்கியம். மற்ற தேசத்தார் அதற்கு அர்த்தம் படிக்கவேண்டும். நம் வீட்டுக் குழந்தை நடக்குமுன் அதைச் சொல்லிவிடுகிறது.

எல்லாருக்கும் அந்தச் சொல் இனிக்காது என்பதும் தெரியும். குடித்துவிட்டு வந்து அடித்த தகப்பனை அறிந்தவர்கள் நம் பங்கிலும் உண்டு. அவர்களுக்கு அது தொண்டையில் முள்ளாய் நிற்கும். அப்படிப்பட்டவர்கள் தங்களைக் கட்டாயப்படுத்திக்கொள்ளவேண்டாம். சேசு என்ற நாமத்தோடு நின்றுகொள்ளலாம். சுதனிடத்தில் இருப்பவர்களைப் பிதாவிடம் கொண்டுபோவது சுதனுடைய வேலை.

1973-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி ரிஷிகேசத்துக் கடைத்தெருவில், பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது, சுவாமியாருக்கு மாரடைப்பு வந்து நடைபாதையில் விழுந்தார். வருஷக்கணக்காய் மலையிலும் குகையிலும் தேடியதை அந்த நடைபாதையில் கண்டடைந்ததாகப் பின்பு சிநேகிதருக்கு எழுதினார். அதே வருஷம் டிசம்பர் 7-ந் தேதி இந்தூரில் மரித்தார். பஸ்ஸுக்கு ஓடுகிற நம்மவர்கள் இந்தச் செய்தியைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

இந்த வாரத்துக்கு ஒரு சிறு பயிற்சி. இரவு ஜெபத்துக்கு எல்லாரும் கூடியதும் செல்போன்களை வேறு அறையில் வையுங்கள். உடனே சிலுவை அடையாளம் போட்டுவிடாமல், மூன்று மூச்சு நேரம் சும்மா இருங்கள். குழந்தைகளுக்கு, “சேசு இங்கே இருக்கிறார், அவரைப் பார்த்துக்கொண்டு இரு” என்று மாத்திரம் சொன்னால் போதும். பிறகு ஒரே ஒரு பத்துமணி ஜெபம், திருநாமத்தில் நிதானித்து. தூக்கம் வருகிற பிள்ளையை அதட்டவேண்டாம், தகப்பன் மடியில் தூங்கட்டும். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பஸ் நிறுத்தத்தில் காத்து நிற்கும் நேரத்தில் திருநாமத்தை உதட்டளவிலாவது சொல்லிப் பாருங்கள். அடுத்த ஞாயிறு பூசைக்குப் பின் கோவில் முற்றத்தில், எந்த வீட்டில் எப்படி நடந்தது என்று பேசிக்கொள்ளலாம்.