அஞ்சாமல் பயிலும் நாய்

மனிதன் முதன்முதலாகப் பழக்கிய விலங்கு நாய் என்பது அறிஞர் முடிபு. ஆடும் மாடும் அவனை அண்டுவதற்குச் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நாய் அவனோடு வேட்டைக்குப் புறப்பட்டுவிட்டது. சங்கப் பாடல்களில் வேட்டுவரோடு நாயும் வருகிறது. பாரதக் கதையில் தருமனின் இறுதிப் பயணத்தில் உடன் சென்றதும் ஒரு நாயே. இத்துணை நெடிய உறவு இருந்தும், நம்மிடையே வழங்கும் பழமொழிகள் நாய்க்குப் பெருமை சேர்ப்பனவாக இல்லை. "நாய் வாலை நிமிர்த்த முடியாது" என்கிறோம். "அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்றும் சொல்கிறோம். இவ்விரண்டும் சேர்ந்து ஒரு கொள்கையாகவே ஆகிவிட்டன. நாய் திருந்தாது; திருந்தினால் அடியால்தான் திருந்தும் என்பதே அக்கொள்கை. அது சரிதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் வட்டாரமும் நாயும்

தூத்துக்குடியில் நாயைக் காணாமல் ஒரு நாளும் கழிவதில்லை. மீன் ஏலம் நடக்கும் கரையில் கழிவுக்காக நாய்கள் கூடுகின்றன. உப்பளங்களிலும் சரக்குக் கிடங்குகளிலும் காவலுக்கு நாய்கள் நிற்கின்றன. மாவட்டத்தின் வடபகுதிக்குச் சென்றால் கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரங்களில் கன்னி நாயைக் காணலாம். அருகிலுள்ள விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரையே சிப்பிப்பாறை நாய் தாங்கியுள்ளது. இவை இரண்டும் கண்ணால் கண்டு விரட்டிப் பிடிக்கும் வேட்டை நாய்கள். மெலிந்த உடலும் நீண்ட கால்களும் உடையவை. இவ்வகை நாய்கள் கடுஞ்சொல்லுக்கே ஒடுங்கிவிடும் இயல்புடையவை என்பதை வளர்ப்போர் நன்கு அறிவர்.

பாஞ்சாலங்குறிச்சியைப் பற்றி வழங்கும் கதையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். வேட்டை நாய்கள் ஒரு முயலைத் துரத்தின. குறிப்பிட்ட ஓரிடம் வந்ததும் முயல் திரும்பி நின்று நாய்களை விரட்டியது. அந்த மண்ணின் வீரத்தைக் கண்டு அங்கே கோட்டை எழுப்பினர் என்பது கதை. கதை முயலின் வீரத்தைப் போற்றுகிறது. நான் அதில் வேறொன்றையும் காண்கிறேன். அச்சம் புகுந்துவிட்டால் வேட்டை நாயும் தன் தொழிலை மறந்துவிடும். பயிற்சிக்கும் இது பொருந்தும்.

அச்சம் எதைக் கற்பிக்கிறது?

உருசிய நாட்டு அறிஞர் பாவ்லவ் 1904-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். உணவு வருமுன் ஓர் ஒலியைத் தொடர்ந்து கேட்ட நாய், பின்னர் அவ்வொலியைக் கேட்ட மாத்திரத்திலேயே உமிழ்நீர் சுரந்ததை அவர் கண்டார். நாய் தான் காண்பதையும் கேட்பதையும், அவற்றை அடுத்து நிகழ்வதோடு இணைத்துக் கொள்கிறது என்பது இதன் பொருள்.

இவ்விதி அடிக்கும் பொருந்தும். வீட்டுக்காரர் மாலையில் வந்து பார்க்கிறார். காலையில் நாய் கடித்துப்போட்ட செருப்பு கிடக்கிறது. நாயை அழைத்து அடிக்கிறார். நாய் எதை எதோடு இணைக்கும்? செருப்புக்கும் அடிக்கும் இடையே பல மணி நேரம் கடந்துவிட்டது. அழைத்த குரலுக்கும் அடிக்கும் இடையே ஒரு நொடிதான். ஆகவே "இவர் கூப்பிட்டால் வலிக்கும்" என்பதையே அது கற்கிறது. மறுநாள் கூப்பிட்டால் வராது. "சொன்ன பேச்சுக் கேட்காத நாய்" என்று அதற்கு மீண்டும் அடி விழும்.

இன்னொரு கேடும் உண்டு. உறுமுவது நாயின் எச்சரிக்கை. உறுமும்போதெல்லாம் அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும். ஆனால் உள்ளிருக்கும் அச்சம் போகாது. பிறகு ஒரு நாள் ஒரு குழந்தை அதன் தட்டருகே செல்லும்போது, முன்னறிவிப்பின்றிக் கடித்துவிடும். குரைக்கின்ற நாய் கடிக்காது என்பது பழமொழி. எச்சரிக்கும் வாயை நாமே அடைத்துவிட்டால் அந்தப் பழமொழியும் நம்மைக் காப்பாற்றாது.

"அடித்தபின் என் நாய் அடங்கிவிட்டதே!" என்று சிலர் கேட்கலாம். இதற்கு 1967-இல் அமெரிக்காவில் செலிக்மனும் மேயரும் வெளியிட்ட ஆய்வு விடை தருகிறது. தப்ப வழியில்லாத நிலையில் சில நாய்களுக்கு மின்னதிர்ச்சி தரப்பட்டது. பின்னர், சிறு தடுப்பைத் தாண்டினாலே தப்பிவிடலாம் என்ற நிலையில் அவை விடப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை தாண்ட முயலவே இல்லை. அதிர்ச்சியைத் தாங்கியபடி கிடந்தன. அடங்கிவிட்டதாக நாம் கருதும் நாய் பல வேளைகளில் இவ்வாறு நம்பிக்கை இழந்த நாயாகவே இருக்கும். கொடுமையான அந்த ஆய்வைப் படித்தபின், ஒடுங்கி நிற்கும் நாயைப் பணிவுள்ள நாய் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

அண்மைக்கால ஆய்வுகள்

போர்ச்சுகல் நாட்டில் பயிற்சிப் பள்ளிகளுக்கு வந்த 92 நாய்களை ஆராய்ந்து 2020-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிடப்பட்டது. தண்டனையை மிகுதியாகக் கையாண்ட பள்ளிகளின் நாய்களுக்குப் பயிற்சிக்குப்பின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்னும் சுரப்பு உயர்ந்திருந்தது. உடல் நெருக்கடியில் இருப்பதை அச்சுரப்பு காட்டும். பயிற்சிக்கு வெளியேயும் அந்நாய்கள் நல்லதை எதிர்பார்க்கும் மனநிலையில் குறைந்தே காணப்பட்டன.

அதே ஆண்டில் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 63 நாய்களைக் கொண்டு நடத்திய ஆய்வும் வெளிவந்தது. மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையால், பரிசு முறையைவிடச் சிறந்த பயன் கிட்டவில்லை என்பது அதன் முடிபு. ஆகவே பரிசு முறை இரக்கமுடையது மட்டுமன்று, பயனுடையதும் ஆகும்.

மோப்ப நாய் தரும் சான்று

ஆய்வறிக்கை வேண்டாம், கண்கண்ட சான்று வேண்டும் என்போர் மோப்ப நாயைப் பார்க்கலாம். நம் மாவட்டக் காவல்துறையிலும் துப்பறியும் நாய்ப்பிரிவு உண்டு. மன்னார் வளைகுடாக் கரையில் கஞ்சாக் கடத்தலும், 2001 முதல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற கடல் அட்டையின் கடத்தலும் அடிக்கடி செய்தியாகின்றன. இத்தகைய கரைக்கு மோப்பத் திறனின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

மோப்ப நாயை எவ்வாறு பழக்குகின்றனர்? அடித்து ஒரு நாயை உட்கார வைக்கலாம். அடித்து மோப்பம் பிடிக்க வைக்க முடியாது. நூறு பெட்டிகளுக்கிடையே ஒன்றைத் தேட நாய்க்கே விருப்பம் வேண்டும். எனவே குறிப்பிட்ட மணத்தை ஒரு பந்து விளையாட்டோடு இணைக்கின்றனர். மணத்தைக் கண்டுபிடித்து அருகில் அமர்ந்தால் உடனே பந்து கிடைக்கும். நாயைப் பொறுத்தவரை அது கஞ்சாவைத் தேடவில்லை, பந்தைத் தேடுகிறது. 2008 முதல் டிராபிக் அமைப்பும் உலக இயற்கை நிதியமும் இந்தியாவில் வனக்குற்றங்களைக் கண்டறிய நாய்களைப் பழக்கி வருவதும் இம்முறையிலேயே ஆகும்.

பயிற்றும் முறை

எங்கள் தெருவில் வளர்ந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றைக் கூப்பிட்டால் வரவும், சொன்னால் உட்காரவும் நான் பழக்கினேன். அதற்குக் கையாண்ட படிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, பரிசு. வேகவைத்து முள் நீக்கிய சாளை மீனைக் கடலை அளவு துண்டுகளாக்கிக் கொண்டேன். கருவாடு ஆகாது, உப்பு மிகுதி. வயிறு நிறைந்த நாய் பாடத்தில் கருத்துச் செலுத்தாது. ஆகவே உணவு வேளைக்கு முன் ஐந்து நிமிடம் மட்டுமே பாடம்.

இரண்டாவது, குறிச்சொல். "சபாஷ்" என்று சொன்னவுடன் ஒரு துண்டு கொடுப்பதைச் சிலமுறை செய்தால், அச்சொல்லே பரிசின் முன்னறிவிப்பாகிவிடும். நாய் சரியாகச் செய்த அதே நொடியில் அச்சொல் வர வேண்டும். முத்துக்குளிப்பில் மூழ்கியவர் கயிற்றை அசைத்த கணமே படகில் இருப்பவர் மேலே இழுக்க வேண்டும். பிந்தினால் உயிருக்குக் கேடு. இக்கரையில் 1961-க்குப்பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை எனினும், கயிறு பிடிப்போரின் கவனத்தை நம் ஊரார் இன்றும் சொல்வர். பயிற்றுவோருக்கும் அக்கவனம் வேண்டும். பிந்திய பாராட்டு வேறொரு செயலைப் பாராட்டிவிடும்.

மூன்றாவது, சிறுசிறு படிகள். முதலில் இரண்டடி தொலைவிலிருந்து அழைத்தேன், பின் பத்தடி, பின் தெருமுனை. ஒரு படியில் தவறினால் தண்டனை இல்லை, பரிசும் இல்லை. முந்தைய படிக்குத் திரும்பிவிட வேண்டும்.

நான்காவது, மாற்றுச் செயல். மேலே தாவும் நாயை உதைப்பதற்குப் பதில், நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் கவனித்தால் போதும். தாவுவதால் பயனில்லை என்று அறிந்தபின் அது தானே விட்டுவிடும். பழகிய பின்னர், ஒவ்வொரு முறையும் பரிசு தராமல் இடைவிட்டுத் தரலாம். பழக்கம் மேலும் உறுதிப்படும்.

இரண்டு வாரங்களில் அக்குட்டி தெருமுனையிலிருந்து ஓடி வந்தது. மீன் வண்டி கடந்து செல்லும்போதும் நின்று வரப் பழக மேலும் ஒரு மாதம் ஆயிற்று.

இது செல்லம் கொடுப்பது அன்று. கதவை அடைத்தல், கயிற்றில் பிடித்தல், கேட்டது அனைத்தையும் கொடாதிருத்தல் ஆகிய கட்டுப்பாடுகள் இதிலும் உண்டு. வலியும் அச்சுறுத்தலும் மட்டுமே இல்லை. அறியாத நாயிடம் இம்முறையைச் சோதிக்கலாகாது. எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

விலங்கை அடித்துத் துன்புறுத்துவது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆயினும் சட்டத்திற்கு அஞ்சிக் கல்லைக் கீழே போடுவதைவிட, கல்லால் பயனில்லை என்று அறிந்து போடுவதே கற்றோர்க்கு அழகு. அச்சத்தால் பயின்ற நாய், கோல் இருக்கும்வரைதான் கேட்கும். நம்பிக்கையால் பயின்ற நாய், கோல் இல்லாதபோதும் கேட்கும். தெருவில் குழந்தைகள் விளையாடும்போது நம் கையில் கோல் இருப்பதில்லை. அப்போது அவர்களுக்குப் பாதுகாப்பு, அந்த நாய் மனிதரிடம் எதைக் கற்றிருக்கிறது என்பதே. வால் நிமிர வேண்டியதில்லை. அது மகிழ்ந்து ஆடினால் போதும்.