ஆய்வுக்கூடமும் விருந்து மேசையும்

ஜப்பானுக்குப் படிக்கச் செல்ல விரும்பும் நண்பர்கள் நம் சங்கத்தில் பலர் இருக்கின்றனர். உதவித்தொகை எவ்வளவு, விண்ணப்பம் எப்போது, பேராசிரியருக்குக் கடிதம் எப்படி எழுதுவது என்றெல்லாம் என்னைக் கேட்கின்றனர். மாலை ஆறு மணிக்குப் பிறகு அங்கே என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. கியோட்டோ நகரின் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆறு திங்கள் இருந்து திரும்பியவன் என்ற முறையில், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆதலின் விஞ்ஞானத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, விருந்தையும் வணக்கத்தையும் பற்றி இங்கே எழுதப் புகுகிறேன்.

ஜப்பானிய அரசு அயல்நாட்டு மாணவர்க்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கியது 1954ஆம் ஆண்டில். ஒரு லட்சம் அயல்நாட்டு மாணவரைச் சேர்ப்பதென்று 1983இல் திட்டம் வகுத்து, 2003இல் அந்த எண்ணிக்கையை எட்டினர். பிறகு 2008இல் மூன்று லட்சம் என்று குறி வைத்து, 2019இல் அதனையும் எட்டினர். ஆனால் இப்பெருங் கூட்டத்தில் சீனரும் வியட்நாமியரும் நேப்பாளியருமே மிகுதி. இந்தியர் மிகச் சிலர். இறங்கியவுடன் நம்மவர் கூட்டம் ஒன்று கைநீட்டி வரவேற்கும், சனிக்கிழமை தோறும் இட்டிலி கிடைக்கும் என்று எதிர்பார்த்துச் செல்வது வீண்.

அங்கே விஞ்ஞானம் படிப்பவன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தவன் என்பதைவிட ஓர் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவன் என்பதே பொருந்தும். இளநிலைப் படிப்பின் நான்காம் ஆண்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நுழைகிறான். முதுநிலைக்கு இரண்டு ஆண்டு, முனைவர் பட்டத்திற்கு மூன்று ஆண்டு என்று பெரும்பாலும் அங்கேயே தொடர்கிறான். ஒரே அறையில் ஆளுக்கொரு மேசை. பகல் உணவுக்கு எழுந்தால் எல்லாரும் சேர்ந்தே எழுகின்றனர். வாரந்தோறும் நடக்கும் கருத்தரங்குக்கு 'ஸெமி' என்று பெயர். இது ஜெர்மன் மொழியிலிருந்து வந்த சொல். பகுதிநேர வேலையைக் குறிக்கும் 'அருபைத்தோ'வும் அப்படி வந்ததே. மருத்துவத்தையும் விஞ்ஞானத்தையும் ஜெர்மானியரிடம் கற்ற காலத்தின் அடையாளங்கள் இவை.

முன்னே சேர்ந்தவன் 'சென்பாய்', பின்னே வந்தவன் 'கோஹாய்'. தந்தை பெயர் தெரியாத மூத்த மாணவரையும் 'அண்ணா' என்று அழைத்துப் பழகிய நமக்கு இது எளிதில் விளங்கும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அண்ணனிடம் நாம் உரிமையோடு சண்டை பிடிப்போம். அங்கே கோஹாய் பலர் முன்னிலையில் சென்பாயை மறுத்துப் பேசுவது அரிது. அதற்கு ஈடாக, கருவியைக் கையாளக் கற்பிக்கும் பொறுப்பு சென்பாயுடையது. எந்த வால்வு இறுகிக் கொள்ளும், எந்தப் பம்பை அரைமணி நேரம் முன்னதாகவே ஓடவிட வேண்டும் என்பன கையேட்டில் இரா. அவை வாய்மொழியாக வருபவை. வாய்மொழி வேண்டுமானால் முகம் பழகியிருக்க வேண்டும்.

முகம் பழகுவதற்கு முதற்படி வணக்கச் சொற்கள். மாலையில் முதலாவதாகக் கிளம்புகிறவன், 'உங்களுக்கு முன்னே போகும் பிழையைப் பொறுக்க' என்னும் பொருள்படும் ஒரு வாசகத்தைச் சொல்லாமல் கதவைத் தாண்ட மாட்டான். இருப்பவர்கள் 'ஒட்சுகரேசாமா' என்று விடையளிப்பர். உழைத்துக் களைத்தீர் என்பது அதன் கருத்து. 'போகிறேன்' என்னாமல் 'போய் வருகிறேன்' என்று சொல்லும் நமக்கு இதில் வியப்பில்லை. ஆனால் நம்மவர் பலர், ஆங்கிலம் போதும் என்ற துணிவில் இதையும் கற்காமல் செல்கின்றனர். பத்துச் சொற்கள்தாம், விமானத்தில் உட்கார்ந்தபடியே கற்றுவிடலாம்.

இனி விருந்து. 'நொமிகாய்' என்பது குடிக்கக் கூடுதல் என்று பொருள்படும் சொல். ஏப்ரலில் கல்வியாண்டு தொடங்கும்போது வரவேற்பு விருந்து, டிசம்பரில் ஆண்டை மறக்கும் விருந்து, மார்ச்சில் பிரிவு விருந்து. இடையிடையே யாரேனும் கட்டுரை வெளியிட்டால் அதற்கும் ஒன்று. பெரும்பாலும் இரண்டு மணி நேரம். ஆளுக்கு மூவாயிரம் முதல் ஐயாயிரம் யென் வரை ஆகும். செலவைப் பங்கிட்டுக் கொள்ளும் முறைக்கு 'வரிகான்' என்று பெயர். பேராசிரியர் கூடுதலாகக் கொடுப்பார். புதியவனிடம் குறைத்து வாங்குவார்கள், அல்லது வாங்கவே மாட்டார்கள்.

எல்லார் கிண்ணமும் நிரம்பி, 'கன்பாய்' என்று உயர்த்திய பின்னரே முதல் மடக்கு. தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக் கொள்வது அழகன்று. பக்கத்தில் இருப்பவர் ஊற்றுவார், அவருக்கு நாம் ஊற்ற வேண்டும். ஆகவே ஒவ்வொருவர் கண்ணும் அடுத்தவர் கிண்ணத்தின்மேல் இருக்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கவனமே. நான் மது அருந்துவதில்லை. ஊலாங் தேநீர் கேட்டேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கிண்ணம் கையில் இருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவரவர் பாடு. சட்டப்படி மது அருந்தும் வயது அங்கே இருபது. 2022இல் வயது வந்தோர் எல்லையைப் பதினெட்டாகக் குறைத்தபோதும் இதை மாற்றவில்லை.

மதுவைப் பற்றிப் பேசும்போது தொமொனாகா நினைவுக்கு வருகிறார். கியோட்டோவில் யுகாவாவின் வகுப்புத் தோழர் அவர். யுகாவா 1949இலும், இவர் 1965இலும் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றனர். பரிசுச் செய்தியைக் கொண்டாடிக் குடித்துவிட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து விலா எலும்பை முறித்துக்கொண்டதால், தொமொனாகா ஸ்டாக்ஹோம் விழாவுக்கே போக முடியவில்லை. அதே தொமொனாகா 1937 முதல் 1939 வரை ஜெர்மனியில் லைப்சிக் நகரில் ஹைசன்பர்க்கிடம் இருந்தவர். அங்கே பட்ட தனிமையையும் மனச்சோர்வையும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அயல்நாட்டு மாணவனின் துயரம் எந்த மேதையையும் விட்டு வைப்பதில்லை போலும்!

விருந்தின் பயன் வெறும் வேடிக்கை அன்று. கருத்தரங்கில் 'ம்' என்பதற்குமேல் பேசாத எங்கள் பேராசிரியர், இரண்டாம் கிண்ணத்திற்குப் பின் என் படிகம் ஈரத்தை உறிஞ்சுகிறதோ என்று ஐயுறுவதாகச் சென்பாயிடம் சொன்னார். சென்பாய் எனக்கு மொழிபெயர்த்தார். மறுநாள் இருவரும் அதை உலர்த்திப் பார்த்தோம். மூன்று வாரமாக என்னை அலைக்கழித்த அளவீடு நேர்ப்பட்டது.

வேறொரு ஆய்வுக்கூடத்தில் நம் நாட்டு மாணவர் ஒருவர் இருந்தார். ஊரும் பெயரும் வேண்டா. திறமையில் என்னைவிடப் பன்மடங்கு மேலானவர். முனைவர் பட்டத்துக்கு வந்தவர். விருந்துக்கு வருவதில்லை, குடிப்பவர் நடுவே சைவன் எனக்கு என்ன வேலை என்பார். பகல் உணவையும் அறையில் சமைத்து வந்து தனியே உண்பார். கருவிகளின் முறைநேரம் மாற்றப்படுவது உணவு மேசையில் முடிவாகும், அவருக்குத் தெரியாது. முறைநேரம் கிடைக்காதபோது தம்மை ஒதுக்குவதாக எண்ணினார். அவர்களோ, அவர் தனிமையை விரும்புகிறவர், தொந்தரவு செய்யலாகாது என்று எண்ணினர். இரு பக்கமும் நல்லெண்ணம், நடுவே சுவர். இரண்டாம் ஆண்டின் குளிர்காலத்தில் பட்டம் பெறாமலே அவர் ஊர் திரும்பினார். அந்த ஆய்வுக்கூடத்தார் இன்றளவும் காரணம் அறியார் என்றே கருதுகிறேன்.

சைவ உணவு பற்றி அவர் சொன்னது பொய்யன்று. காய்கறிக் குழம்பென்று தருவதிலும் அடிச்சாறு உலர்ந்த மீன் சீவலில் காய்ச்சியதாக இருக்கும். ஆயினும் புத்தத் துறவியரின் மரக்கறிச் சமையலும் சோயாக் கட்டியும் பேர்பெற்ற ஊர் கியோட்டோ. விருந்துக்கு ஏற்பாடு செய்கிறவரிடம் ஒரு வாரம் முன்னரே சொல்லிவிட்டால் தனித் தட்டு வரும். அந்த ஏற்பாட்டாளர் பெரும்பாலும் ஓர் இளைய மாணவராக இருப்பார். அவருக்குப் பெயர் 'கஞ்சி'. விருந்து படைப்பவனைக் கஞ்சி என்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. விளக்கிச் சொன்னதும் எங்கள் கஞ்சியும் சிரித்தார். நாங்கள் நண்பரானது அன்றுதான்.

தனிமை அயலானுக்கு மட்டும் உரியதன்று. கியோட்டோப் பல்கலைக் கழகத்து உணவு விடுதி ஒன்றில், நீண்ட மேசையின் நடுவே தடுப்பு வைத்து, எதிரில் இருப்பவர் முகம் தெரியாதபடி செய்திருக்கின்றனர். 'தனியன் இருக்கை' என்று மாணவரே அதற்குப் பெயரிட்டிருக்கின்றனர். உள்ளூர்ப் பிள்ளைகளும் அதை நாடி அமர்கின்றனர். ஆகவே நாம் முதலில் பேசினால் மகிழ்வோர் பலர் உண்டு. அவர்கள் முதலில் பேசட்டும் என்று காத்திருப்பது நெடுங்காலக் காத்திருப்பாகும்.

காசில்லாத பொழுதுபோக்கு வேண்டுவோர்க்குக் காமோ ஆறு இருக்கிறது. தெமாச்சியானகியில் தகானோ ஆறு அதனுடன் கலக்கும் முக்கோணத் திடலில், மாலையானால் மாணவர் கூட்டம் கூடும். ஆமை வடிவிலும் கல் போட்டிருக்கிறார்கள். தாவித் தாவி ஆற்றைக் கடக்கலாம். ஆகஸ்டு 16ஆம் நாள் இரவில் மலைச்சரிவில் 'பெரிது' என்னும் எழுத்து வடிவில் தீ மூட்டி முன்னோரை வழியனுப்புவதை அங்கிருந்து கண்டேன். பக்கத்தில் நின்ற சென்பாய் தம் பாட்டியைப் பற்றிப் பேசினார். ஆறு மாதத்தில் அவர் தம் வீட்டைப் பற்றிப் பேசியது அன்று ஒருநாள்தான்.

பகுதிநேர வேலைக்கு அனுமதி பெற்றால் வாரத்திற்கு 28 மணி நேரம் வரை உழைக்கலாம். ஆராய்ச்சி மாணவனுக்கு அவ்வளவு நேரம் கிடையாது என்பதை நானே சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக, பெட்டியில் வைக்க வேண்டியது. வெளியூர் சென்று வருகிறவர் ஆய்வுக்கூடத்தார் அனைவர்க்கும் 'ஒமியாகே' என்னும் தின்பண்டம் கொண்டு வருவது அங்கே மாறாத வழக்கம். ஒவ்வொருவர் மேசையிலும் ஒன்று வைக்க வேண்டுமாதலால் தனித்தனி உறையிட்டதாக இருக்க வேண்டும். மைசூர்ப்பாகு வழியில் உதிர்ந்துவிடும். உறையிட்ட கோவில்பட்டிக் கடலை மிட்டாய் பொருத்தமானது. எங்கள் கூடத்தில் அரைமணியில் தீர்ந்தது. எத்தனை பேர் என்று முன்னரே கடிதத்தில் கேட்டுக் கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் அலுவலகத்து அம்மையாரையும் சேர்த்துக் கொள்ளுங்கள். வாடகை அறை முதல் வங்கிக் கணக்கு வரை எனக்கு உதவியவர் அவரே.